புது ஸ்டாண்டு போட்ட லேடீஸ் சைக்கிள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பேகம்பூரில் வீட்டு வாசலிலேயே பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு, ரிம் கோட்டம் எடுத்து, பெயிண்ட் அடித்து விற்கிறவளுக்கு அந்தப் புத்தி இல்லாவிட்டால் சோறு கிடையாது. “பொம்பள பாத்த சைக்கிளா?” என்று மூக்கைச் சுளிக்கிறவன்கூட ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவான். ஆனால் அந்த ஒரு சுற்றுக்கு அவன் செருப்பையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்புவேன்.

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் என் தம்பி. அம்மா போனபிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவன். வத்தலக்குண்டுப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பழைய சைக்கிள் வாங்கிவந்து தருவது அவன் வேலை, சரிசெய்து விற்பது என் வேலை. லாபத்தில் பாதிப்பாதி.

போன வருஷம் ரோஸ் கலரில் ஒரு லேடீஸ் சைக்கிள் கொண்டுவந்தான். அதன் சைடு ஸ்டாண்டு ஒரு சனியன். வலது கையால் கேரியரைத் தூக்கிப் பிடித்துக் குதிகாலால் ரெண்டு மிதி மிதித்தால்தான் இறங்கும். எரிச்சல் தாங்காமல் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஸ்டாண்டு போட்டேன். சீட்டு, கைப்பிடி எல்லாம் மாற்றி, கருநீலத்தில் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தினேன்.

மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். இங்கே சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விடிவதற்குள் தனியாக நடக்கிறாளாம், நாய்க்குப் பயந்து சாகிறாளாம். அந்த நீல சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தாள். விலையைக் குறைக்கக் குறை தேடுகிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன்.

ஓட்டிவிட்டு வந்து இறங்கினாள். என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே வலது கையால் கேரியரைத் தூக்கினாள். குதிகாலால் ஒரு மிதி. புது ஸ்டாண்டு, சட்டென்று இறங்கிவிட்டது. ரெண்டாவது மிதி வெறும் தரையில் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் காலையே பார்த்தாள்.

“எக்கா, இது முன்னாடி என்ன கலரு?”

“ஏன் கேக்குற?”

“ரோஸா?”

என் கண் தானாகக் கருநீலப் பெயிண்ட் டப்பாப் பக்கம் போனது.

“பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு மில்லு வண்டி ஏறுனேன்க்கா. சாயங்காலம் வந்து பாத்தா இல்ல. மொத மொதச் சம்பளத்துல வாங்குனது.”

இவளே ஒரு திருடியாக இருந்தால்? ஓசியில் சைக்கிள் அடிக்க வந்த நாடகமோ? அப்படி இருக்கக்கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இருந்தால் என் தம்பி தப்பித்துவிடுவானே! ஆனால் கழற்றி எறிந்த ஸ்டாண்டின் கோளாறு அவள் காலுக்கு எப்படித் தெரியும்?

அவள் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டேன். யாரோ அவனிடம் விற்றிருப்பார்கள், பாவம், ஏமாந்திருப்பான். அதை அவன் வாயால் கேட்டுவிட்டால் போதும் எனக்கு.

“ஏலே, அந்த ரோஸ் லேடீஸ் சைக்கிளு, அத யாரு வீட்டுல வாங்குன?”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஏன்க்கா, போலீசு வந்துருக்கா?”

போனை வைத்துவிட்டேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இவனுக்கா நான் ஊட்டி வளர்த்தேன்?

“எடுத்துட்டுப் போ தாயி,” என்றேன்.

“எம்புட்டுக்கா குடுக்கணும்?”

“ஒஞ் சைக்கிளுக்கு நீ ஏன் குடுக்கணும்? போ.”

அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே வந்து பிடுங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சுவரோரம் மற்ற சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவன் கொண்டுவந்தவை. எல்லாவற்றுக்கும் என் கையாலேயே வேறு கலர் அடித்திருந்தேன்.