படையலில் வைக்கவிடாத தூண்டில்

செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவரின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த போன் விடாமல் அதிர்ந்தது. எங்கள் வேலையில் பாதியில் கையை எடுக்க முடியாது. குழாயில் பெயரை ஒட்டி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன். பழைய ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த வீட்டார் அறிவிப்பு, ஒரு தாமரைப் பூ படத்தோடு. கீழே, "குடும்பத்துக்காகவே வாழ்ந்து, தனக்கென எதையும் விரும்பாத தெய்வத்தாய் மாதேஸ்வரி அவர்கள் உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்." அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. உடல்நலக் குறைவாம். சளியா, காய்ச்சலா? மார்புப் புற்றுநோய் என்று எழுதினால் விரல் அழுகிவிடுமா? தெய்வத்தாயாம். அவளுக்குப் பிள்ளை இல்லை. இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்திய வீடு, செத்த பிறகு தாய்ப்பட்டம் கட்டுகிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்த "தனக்கென எதையும் விரும்பாத" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் தருமபுரியில் அந்தப் பரிசோதனை நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். ரத்தம் எடுக்கும் அறையில் அவளும் நானும் அடுத்தடுத்த நாற்காலி. "மாதேசு மேடம் குத்தினா வலிக்காது" என்று அவளுக்காகக் காத்திருந்து கையை நீட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்த மாதேஸ்வரியை உங்களுக்குத் தெரியும். கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று, ராடும் நூல் சுற்றுகிற ரீலும் பிடித்துத் தூண்டில் போட்ட மாதேஸ்வரியைத் தெரியாது. கடைசி நான்கு வருஷம் அவள் உயிரோடு இருந்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். நான் கூட இருந்தவள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். துணைக்கு நான் போவேன். முதல் தடவை காட்டி முடித்துவிட்டு வெளியே வந்தவுடன், "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்குது, கடலுக்குப் போலாண்டி" என்றாள். அடுத்த தடவை வரும்போது, பஞ்சப்பள்ளி அணையில் அவள் தம்பி மீன் பிடிக்கும் பழைய ஃபைபர் ராடை எடுத்து வந்துவிட்டாள். தடிமனில் உலக்கைக்குத் தங்கச்சி. கூடவே ஒரு டிபன் பாக்ஸ். திறந்து பார்த்தால் பிசைந்த கோதுமை மாவு! அணையில் கட்லா மீனுக்கு மாவு உருண்டைதான் இரை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். மாவை முள்ளில் உருட்டி வைத்து அலையில் போட்டாள். இழுத்துப் பார்த்தால் வெறும் முள். திரும்ப வைத்தாள், திரும்ப வெறும் முள். கரையில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா, கடலுக்குச் சப்பாத்தி சுட வந்தியா?"

மாதேஸ்வரியும் சிரித்தாள். சிகிச்சைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாவிடமே நாலு இறால் வாங்கிக்கொண்டோம். ஆனால் ராடு சரிப்படவில்லை. வலப்பக்கம் அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் அந்தக் கை சட்டென்று வீங்கிவிடும். அந்த உலக்கையை இரண்டு தரம் வீசியதற்கே மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இதோட விட்டுத்தொலை" என்று நான் கத்தினேன்.

"எதுக்கு விடணும்? கைய அசைக்கணுங்கறாங்க, கனந் தூக்கக் கூடாதுங்கறாங்க. அப்ப ராடுதான தப்பு, கை தப்பில்லையே" என்றாள்.

பெங்களூரில் தூண்டில் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு இருவரும் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்தவுடன் "மகனிகா?" என்று கேட்டார், மகனுக்கா என்று. மாரண்டஹள்ளியில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கன்னடம் வராதா? "நனகே" என்றாள், எனக்குத்தான் என்று. அந்த ஆள் நம்பவில்லை. முதலில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இளஞ்சிவப்பு ராடு ஒன்றை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான ஒன்றைக் கொண்டுவந்து சாய்த்தார். கடற்கரை என்றால் இதுதான் வேண்டும், அலைக்கு அப்பால் எறிய வேண்டும், ஆம்பளைகளே இதற்குத் திணறுவார்கள், உங்களுக்கு எதற்கம்மா இந்த ஆசை என்று பேச்சு வேறு.

மாதேஸ்வரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். "ஆசை எனக்கு. விக்கறது உங்க வேலை. எடுத்துக் காட்டறிங்களா, இல்ல வேற கடைக்குப் போவட்டுமா?" என்றாள். அப்புறம் அந்த ஆள் காட்டாத ராடு இல்லை.

அவள் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெறும் ராடைப் பிடித்துப் பார்த்து "லேசா இருக்குது" என்று ஏமாற மாட்டாள். ரீலை மாட்டச் சொல்லி, ரீல் உட்காரும் இடத்தில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பாள். நுனி கீழே கவிழ்ந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவாள். "எடை கம்மியா இருந்து என்னா பண்ண? முன்னால சாஞ்சா மணிக்கட்டுதான் தாங்கணும்" என்றாள். ரீலின் கைப்பிடி இரண்டு பக்கமும் மாற்றிப் போட வருகிறதா என்று திருகிப் பார்த்தாள். இடக்கையால் ராடைப் பிடிக்க வேண்டும், வலக்கை சும்மா சுற்றினால் போதும். கடைசியில் ஒன்பதடி கார்பன் ராடு ஒன்று, பஸ்ஸில் கொண்டுபோகத் தோதாக மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி. சிறிய ரீல், பின்னிய மெல்லிய நூல், நுனியில் கட்ட ஒரு முழம் தடித்த நைலான் நரம்பு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக்குண்டுகள். எடுத்து இடக்கையில் நீட்டிப் பிடித்தபடியே கடைக்காரரோடு ஊர்க்கதை பேசினாள். அவர் எங்களுக்காக வரவழைத்த டீ ஆறிப்போனது. கை இறங்கவில்லை. "இது போதும்" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னொரு கோபம். இது அவள் மேலே.

முன்பின் தெரியாத கடைக்காரரை அப்படி வாயடைத்தவள், தன் வீட்டில் ஏன் வாயைத் திறக்கவில்லை? கட்டி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அவளேதான். சோதனை முடிவு வந்தபோது பக்கத்தில் இருந்தது நான். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அவள் கணவரின் அண்ணன், மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர், மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தார். "வூட்டுல கல்யாணத்த வெச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு போனா சம்மந்தி வூட்டுல என்னா நெனைப்பாங்க? முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இவள் தலையை ஆட்டினாள். மூன்று மாதம்! கல்யாணத்தில் பந்தி பரிமாறினாள், பட்டுப்புடவையில் போட்டோவுக்கு நின்றாள். அதற்குள் கட்டி அக்குளுக்குப் பரவியிருந்தது. நான் திட்டாத திட்டு இல்லை. "பேசினா சண்டை வரும் கலா" என்றாள். வந்தால் வரட்டுமே! சண்டையில் யாராவது செத்தார்களா?

கடற்கரையில் மற்றவர்கள் ராடுக்குப் பக்கத்தில் குட்டியாகத் தெரியும் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஒருநாள் பைக்கில் வந்த நாலு பேர், மூங்கில் கழி மாதிரி நீண்ட ராடுகளை வைத்துக்கொண்டு, ஈயக்குண்டைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, பேரனோடதா?" என்று ஒருத்தன் கேட்டான். இவள் பதில் பேசாமல் முதல் அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் நடுவில், தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரிகிற பள்ளத்தில் இறாலைப் போட்டாள். வலக்கையில் வீக்கத்துக்குப் போடும் இறுக்க உறை, அதற்கு மேல் கையுறை. கெளிற்று மீனின் முள் ஒன்று குத்தினாலே போதும், அந்தக் கை சீழ் பிடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் நுனி துடித்தது. கிழங்கான்! பளபளவென்று, விரல் நீளத்துக்கு இரண்டு பங்கு. அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அந்த நாலு பேருக்கு ஒரு நண்டுகூட மாட்டவில்லை. "எல்லாரும் தூரமாவே வீசறாங்க. மீனு காலடிலதான இருக்குது" என்று என் காதோடு சொன்னாள். அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது கடலுக்கே கேட்டிருக்கும்.

இன்னொரு நாள் ஏதோ பெரிய மீன் பிடித்து இழுத்தது. ரீல் கிரீச்சிட்டு நூலை விட்டுக்கொண்டே போனது. ரீலின் திருகைத் தளர்வாக வைத்திருப்பது அவள் வழக்கம், மீன் இழுத்தால் நூல் போகும், கைக்கு வலி வராது. "இறுக்குடி, போயிரும்!" என்று நான் குதித்தேன். "போனா போவட்டும். இழுத்துக்கிட்டு நிக்க நான் என்னா மண்டில மூட்டையா தூக்கறன்?" என்றாள். போயே விட்டது. மீனுக்கு விட்டுக்கொடுத்தாள், சரி. அந்த மண்டிக்காரருக்கு எதற்கு விட்டுக்கொடுத்தாள்?

அவள் கணவர் முருகேசனுக்கு எல்லாம் தெரியும். மாரண்டஹள்ளியில் அவர் அண்ணனோடு கூட்டாக இருந்த வீட்டில் ராடை வைத்தால் அண்ணன் கேள்வி கேட்பார் என்று என் வீட்டில்தான் வைத்திருந்தாள். போகிற நாளில், நானே எடுத்து வருகிறேன் என்றாலும் கேட்காமல், முருகேசன் என் வீட்டுக்கு வந்து ராடை வாங்கி, டி.வி.எஸ்ஸில் நெடுக்காகக் கட்டிக்கொண்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து கொடுப்பார். ஒருமுறை எங்களோடு கடற்கரைக்கே வந்தார். அவள் பிடித்த மீனைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏங்க, இது உயிரோட இருக்குதுங்க!" என்று என்னிடம் காட்டிக் குழந்தை மாதிரி சிரித்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக மட்டும் இருந்து என்ன செய்ய?

இந்த வருஷம் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. கடைசியாகப் புதுச்சேரிக்குப் போனபோது அவளால் நிற்க முடியவில்லை. மணலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான்தான் வீசினேன், அவள் சுற்றினாள். "பாத்தியா, இதைக்கூட என்னால தூக்க முடியுது. வேற எது வாங்கியிருந்தாலும் இன்னிக்கு வேடிக்கதான் பாத்திருப்பன்" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். இதைத்தான் தனக்கென எதையும் விரும்பாதவள் என்று எழுதியிருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பது நம் வழக்கம். சில வருஷம் முன்பு இதே வீட்டில் இதே கூடத்தில் அவள் மாமனாருக்குப் படைத்தபோது பீடிக்கட்டு வைத்தார்கள், சீட்டுக்கட்டு வைத்தார்கள், கால் பாட்டில் பிராந்தியும் வைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மாதேஸ்வரி படத்துக்கு முன்னால் ஒரு புதுப் புடவை, முறுக்கு, லட்டு, வெற்றிலை. லட்டு அவளுக்கு ஆகவே ஆகாது. நான் ராடை மூன்று துண்டையும் பொருத்தி, ரீலை மாட்டி, இலைக்குப் பக்கத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மண்டிக்காரர் வேகமாக வந்தார். "என்னாம்மா இது, மீன் புடிக்கற குச்சியா? எடும்மா. நாலு சனம் வர்ற எடம்."

"அவளுக்குப் புடிச்சதுங்க. வேற எதுவும் இந்த எலையில அவளுக்குப் புடிச்சது இல்லைங்க."

"பொம்பள கடற்கரையில நின்னுக்கிட்டு மீன் புடிச்சான்னு ஊருக்கே தண்டோரா போடணுமா? அந்தக் கடல் காத்துதான் அவள கொண்டுட்டுப் போச்சி. கூட்டிக்கிட்டுப் போனது நீங்கதான?"

"மூணு மாசம் கல்யாணம் முடியட்டும்னு ஆபரேஷனத் தள்ளி வெச்சிங்களே, அது எந்தக் காத்துங்க?" என்று கேட்டேன். கூடத்தில் எல்லோரும் கேட்கும்படிதான் கேட்டேன். மண்டிக்காரர் தம்பி பக்கம் திரும்பி, "டேய் முருகேசா, நீ சொல்லுடா. இதை இங்க வெக்கணுமா, வேணாமா?" என்றார்.

நானும் முருகேசனைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. "இருக்கட்டும்ணா" என்றால் போதும். அவர் குனிந்து, காற்றில் மடங்கிய வாழையிலையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். அப்புறம் ராடைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் படையலில் வைக்க முடியாததை உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே வைக்கிறேன். கடல் அவளைக் கொல்லவில்லை. நாலு வருஷம் அவளைத் தாங்கியது கடல்தான். இனி யாராவது அவளைப் பற்றிப் பேசினால், தூண்டில் போடத் தெரிந்தவள், ஆசைப்பட்டதைப் பார்த்துப் பார்த்து வாங்கியவள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ராடும் ரீலும் மிச்ச ஈயக்குண்டுகளும்தான். போன வாரம் முருகேசன் போன் செய்தார். "அந்த ராட எங்கிட்ட குடுத்துடுங்க. அவ ஞாபகமா வூட்டுல வெச்சிக்கறன்" என்றார்.

"எந்த வூட்டுலைங்க?" என்று கேட்டேன்.

அவர் அழுதார். நானும் அழுதேன். ராடைக் கொடுக்கவில்லை.