ஐந்துக்கு ஐந்து

கவலைப்பட எனக்குக் காரணமே தேவையில்லை. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவள், கவலைப்பட்டே ஆக வேண்டிய ஓர் இடத்தில் எட்டு மாதம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

கோவில்பட்டியில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு கிளினிக்கில் முதியோர் மருத்துவராக இருக்கிறேன். கூடவே ஓர் ஆய்வும் நடத்திக்கொண்டிருந்தேன். ஞாபகம் தளர்ந்த வயசாளிகள் மருந்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்போது எங்கே தவறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு முதல் படியாக ஒரு சின்னப் பரீட்சை. தேங்காய், ஜன்னல், கம்பளி, ஆறு, மணி என்று ஐந்து சொற்களைச் சொல்வேன். ஐந்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். நான்கோ ஐந்தோ சரியாக வந்தால் மருந்து அவர் கையிலேயே இருக்கலாம். குறைந்தால் வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்வேன்.

எங்கள் நோயாளிகள் ஒரு தனி தினுசு. பத்து மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே வந்து எதிர் டீக்கடையில் நிற்பார்கள். இஸ்திரி போட்ட சட்டை, மழமழவென்று சவரம், கக்கத்தில் ஃபைல். பேரைக் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து நிற்பார்கள். மூட்டு எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி என்று எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "ஆல் ஓகே மேடம்."

எனக்கு அது வசதியாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. வரிசையாக நாற்காலி போட்டு, ரேங்க் சொல்லிக் கூப்பிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பரீட்சை வைத்தேன். மதிப்பெண்களும் பிரமாதமாக வந்தன. பட்டாளத்து மூளை சும்மாவா என்று எங்கள் நர்ஸிடம் பீற்றிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை புதுப் பட்டியலுக்கு மாறினேன். இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர்களிடம் பழைய சொற்களையே கேட்கக்கூடாது என்பதால் செருப்பு, கோபுரம், பால், குருவி, வெள்ளி என்று மாற்றி வைத்திருந்தேன். முதலில் வந்தவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். எங்கள் கிளினிக்குக்குள் அவர் கால் வைத்ததே அன்றுதான். புதுச் சொற்களைச் சொன்னேன். பிறகு அவர் வயலில் போட்டிருந்த மிளகாயைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். நேரம் ஆனதும், இப்போது சொல்லுங்கள் என்றேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தேங்காய், ஜன்னல், கம்பளி, ஆறு, மணி" என்றார்.

அந்தச் சொற்களை அவரிடம் நான் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ பிசகு என்று தெரிந்துவிட்டது. வாசல் பக்கம் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"டீக்கடையில வச்சுச் சொல்லிருவாவ மேடம். இன்ஸ்பெக்‌ஷன்னா மொதல்ல போறவன் வந்து மத்தவனுக்குச் சொல்லணும்லா. அது எங்க வழக்கம்."

எதற்காக என்று கேட்டேன். "கேட்டகரிய எறக்கிருவீங்கன்னுதான்" என்றார்.

பட்டாளத்தில் மெடிக்கல் போர்டு என்று ஒன்று உண்டு. உடம்பில் குறை கண்டுபிடித்தால் ஆளின் தரத்தை ஒரு படி இறக்குவார்கள். நேற்றுவரை கூட ஓடியவன் இன்று ஓரமாக உட்கார வேண்டியதுதான். அந்தப் பயம் ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆனாலும் போகாது போலிருக்கிறது. நானோ நாற்காலியை வரிசையாகப் போட்டு, ரேங்க் சொல்லிக் கூப்பிட்டு, கையில் அட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மெடிக்கல் போர்டு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

முதலில் எனக்கு வந்த நினைப்பு, எட்டு மாத ஆய்வும் பாழ் என்பதுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அதற்குப் பிறகுதான் பசுவந்தனைப் பக்கத்து ஹவில்தார் ஞாபகத்துக்கு வந்தார். வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் பட்டாளத்துச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு வரும்போது ஒரு போல்ட் நட்டுகூடக் குறையாமல் சார்ஜ் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து. இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய மனைவி, அவியளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஊசியை நான் போடட்டுமா மேடம் என்று கேட்டார். நான் கண்ணைப் பரிசோதித்தேன். நன்றாகத்தான் இருந்தது. மதிப்பெண்ணையும் பார்த்தேன். தன் காரியத்தைத் தானே செய்துகொள்வது அவருக்கு நல்லது என்று அந்த அம்மாவுக்கு ஒரு சின்னப் பிரசங்கமே செய்து அனுப்பிவைத்தேன்.

இன்சுலினை மறந்துபோய் ஒரு வேளை போடாவிட்டால் சமாளிக்கலாம். போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆள் மயங்கிவிடுவார். தனியாக இருந்தால் அப்படியே போய்விடவும் கூடும்.

அவருடைய செல்லுக்கு அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தேன். ஃபைலில் வேறு நம்பர் கிடையாது. மனைவியின் நம்பரை நான் வாங்கியே வைக்கவில்லை. அதற்குத் தேவை வரும் என்று தோன்றவே இல்லை. மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.

போகிற வழியெல்லாம் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன். செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பார். நான்தான் வழக்கம்போல் அலட்டிக்கொள்கிறேன். உங்களை இப்படி நான் பார்த்ததே இல்லை மேடம் என்றார் நர்ஸ். ஊருக்குள் போகிற மண் பாதையில் முந்தின நாள் மழைக்குக் கரிசல் நெகிழ்ந்து கிடந்தது. காரின் சக்கரம் புதைந்தது. இறங்கி நடந்தோம். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, கால் ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ கனத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு ஐம்பது வயது. ஓடி எத்தனையோ நாளாயிற்று.

வீடு திறந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்து எடுக்கலாம், அவ்வளவு வியர்வை. பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதில் பயன்படுத்திய ஊசிகள் இரண்டு. கூப்பிட்டேன், முனகினார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டு. நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்ள, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். நான் வேண்டாத சாமி இல்லை.

சில நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து நிற்கப் பார்த்தார். "ஆல் ஓகே மேடம்" என்றார்.

யாரோ போய்ச் சொல்லி, பாசிப்பயறுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி சேறு ஒட்டிய காலோடு ஓடிவந்தார். கிண்ணத்தில் ரெண்டு ஊசியைப் பார்த்ததும் அப்படியே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். காலையில் என் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டார், சாப்பாடும் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்றார். அந்த அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப் போய், இவருக்கு ஞாபகம் தளர்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

தெரியும் என்றார். ஒரு வருஷமாகவே தெரியும். கூடப் போனபோது டீக்கடையில் தான் கேட்டுவந்த அந்த ஐந்து சொற்களைத் தினமும் விளக்கு வைத்ததும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த அம்மாதான். "கேட்டகரிய எறக்கிட்டா அவிய தாங்க மாட்டாவ மேடம். அதான் கண்ணு தெரியலன்னு சொல்லி ஊசிய மட்டும் வாங்கிரலாம்னு பாத்தேன்" என்றார்.

அவர் சொன்னதில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டியவரின் மானத்தையும் உயிரையும் சேர்த்துக் காப்பாற்ற ஒரு சந்து கண்டுபிடித்து வந்தவரை, மதிப்பெண் அட்டையைக் காட்டி நான்தான் திருப்பி அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். காப்பி போடவா மேடம் என்று கேட்டார்.

ஹவில்தார் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது சர்க்கரை ஒழுங்காக இருந்தது. தெளிவாகவும் பேசினார். ஊசியை இனி வீட்டம்மா போடட்டும் என்றால் முகம் சுருங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த அம்மாவைக் காட்டி வேறு மாதிரிக் கேட்டேன். ஹவில்தார் சாப், இந்த ஸ்டோரின் சார்ஜை இவரிடம் ஒப்படைக்க முடியுமா?

அவர் என்னையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அதை முறையாகச் செய்ய வேண்டும் என்றார். ஒரு தாள் கேட்டார். மருந்துக் குப்பி, ஊசிகள், பஞ்சு என்று ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலில் வைத்தார். வைத்ததை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினார். ஒப்படைப்பவர் என்று போட்டுத் தன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு மூச்சு நிதானத்துக்கு வந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக.

பெற்றுக்கொள்பவர் என்று எழுதியதும் பேனா நின்றது. பெயர் வரவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, நாற்பத்தாறு வருஷம் தன்னோடு வாழ்ந்தவரைப் பார்த்து, மரியாதையாக, "பேரு சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆபீஸில் கேட்டால் சொல்வது போலத் தன் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு. இனிஷியல் அவர் கணவருடைய பெயரின் முதல் எழுத்து.

அவர் எழுதிக்கொண்டார்.