நூற்றைம்பதோடு நின்ற குழாய்

பதினோரு வருடமாக மழை அளக்கிறாள் ஒப்தூலியா. ஹோண்டுராஸ் மலைச்சரிவில், அவள் வீட்டு முற்றத்துக் கம்பத்தில் மழைமானிக் குழாய், அடுப்பங்கரையில் கேட்கவும் பேசவும் ஒரு ரேடியோ. சம்பளமா, மண்ணாங்கட்டியா! காலை ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீரைப் பார்த்து நோட்டில் எழுதி, கீழே ஆற்றோரத்து லா வேகாவுக்குச் சொல்வாள். அங்கே கேட்பவன் தம்பி மார்சியால். அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் மேட்டுக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று அந்த ஊர் முடிவு செய்யும்.

"முப்பத்திரெண்டுடா."

"நெசமாவாக்கா? காப்பிய ஊத்தி அளந்துட்டியோ?"

"வாய மூடிக்கிட்டு எழுதுடா, கழுதை."

அந்த அக்டோபரில் மூன்று நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. காலையில் காலி செய்து மாட்டிய குழாய் மத்தியானம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. நூற்றைம்பது மில்லிமீட்டர். கோடுகளும் அத்தோடு முடிந்துவிடும்.

"நூத்தம்பதுடா! மேட்டுக்குப் போயிடுறீங்களா?"

"போன வருஷமும் நூத்தம்பதுதானக்கா? தண்ணி கொய்யா மரத்தத் தாண்டலையே. சனங்கள இப்பக் கெளப்புனா என்னை ஏசுவாங்க."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. "சரி, பாத்து இருங்க" என்றாள்.

குழாயைக் காலி செய்யத் திரும்பி வந்தவள் முற்றத்து டிரம்மைப் பார்த்தாள். காலையில் அவளே கவிழ்த்துக் காலி செய்து வைத்த திறந்த டிரம். இப்போது முக்கால் முழத் தண்ணீர்! குழாய் எப்போதோ நிறைந்து, வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஐயோ, வழிந்ததை அவள் எண்ணவேயில்லையே!

விழுந்தடித்து ஓடினாள். "மார்சியால்! நூத்தம்பது இல்லடா, ரெண்டு மடங்கு இருக்கும்! ஓடுங்கடா!"

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. லா வேகாவில் பதினேழு பேர் வெள்ளத்தோடு போனார்கள். மார்சியாலை ஒன்பதாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

நோட்டைப் பார்க்க வந்த அதிகாரி நல்ல மனிதர். "குழாயில இருந்ததத்தானம்மா எழுதுனீங்க. உங்க மேல தப்பில்ல" என்றார். அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கய்யா" என்று கதறினாள். அவர் நோட்டுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் மழை பிடித்தால், அடுப்பில் ரொட்டி கருகினாலும் அரைமணிக்கொரு தரம் முற்றத்துக்கு ஓடுகிறாள். லா வேகாவில் ரேடியோவை எடுப்பவள் மார்சியாலின் மனைவி தோமாசா. ஒரு காலத்தில் வாய் நிறைய மதினி என்று கூப்பிட்டவள்.

"ரெண்டு மில்லிமீட்டர், தோமாசா."

"வழியலயே?"

வெறும் தூறலுக்கும் அதே கேள்விதான், தினம் காலையில்.

"வழியலம்மா" என்கிறாள் ஒப்தூலியா.