மாமியின் பின்னால் போன லேசர்

துறைமுகத்தில் கிரேன் ஓடும் தண்டவாளங்களை லேசர் வைத்து அளப்பதுதான் எங்கள் சின்னக் கம்பெனியின் பிழைப்பு. தலைமுடி அளவு கோணினாலும் கண்டுபிடித்துவிடுவோம். அந்தத் தைரியத்தில்தான், விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்கள் நெருங்கும்போது இடைவெளியை அளக்கும் கருவி செய்து தருகிறோம் என்று விண்ணப்பித்துவிட்டேன். ஆசை யாரை விட்டது?

தண்டவாளம் போட்ட இடத்தில் கிடக்கும். அங்கேயோ அளப்பதும் ஆடும், அளக்கப்படுவதும் ஆடும். எதிரே இருக்கும் கண்ணாடிக் குறியைக் கருவி பத்து நிமிடம் விடாமல் பிடித்திருப்பதைத் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் ராக்கெட்டில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் வேறு குழுவுக்குப் போய்விடும். மேசைமேல் ஆட்டிப் பார்த்தது போதாது. இரண்டும் மிதக்க வேண்டும்.

வாசலிலேயே கடல். வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் ஆளுக்கொரு வள்ளம். ஆனால் வள்ளம் சும்மா கிடப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அன்றைக்கு மாதா கோயிலில் பூசை, எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். மாமியார் ஒரே பிடியாக நின்றார்.

"நாயித்துக்கெழம கடலுக்குப் போவக்கூடாதுளா."

"வல எடுக்கல மாமி. அளக்கத்தான் போறோம்."

"அப்பம் பூச முடிஞ்சு போவோம். நானும் வாரேன். வள்ளத்துல வல ஏறுதான்னு பாக்கணும்லா."

கடலில் குறுக்கே ஒரு வள்ளம் இல்லை. வேறு எந்த நாளிலும் இப்படி வெறும் கடல் கிடைத்திருக்காது. கருவி எங்கள் வள்ளத்தில். குறியும் மாமியாரும் இடியாப்பத் தூக்குவாளியும் கொழுந்தன் வள்ளத்தில். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கருவி குறியை விட்டுவிட்டு மெல்லத் திரும்பியது. மறுபடி பிடிக்க வைத்தேன், மறுபடியும் திரும்பியது. எங்கே பார்க்கிறது என்று பார்த்தால், இடியாப்பம் பரிமாறிக்கொண்டிருந்த மாமியாரை. அவர் முன்னால் போனால் அதுவும் முன்னால், பின்னால் வந்தால் பின்னால். ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த பளபளப்புப் பட்டைதான் காரணம். குறியைப் போலவே அதுவும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் எங்கம்மா பேச்சக் கேட்டா சண்டைக்கு வருவ. இப்பம் ஒன் மெசினே எங்கம்மா பின்னால போவுதே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயற்கைக்கோள் முழுக்கப் பளபளப்புத் தகடுதான். அங்கே கண் தவறினால் இரண்டும் மோதும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, குறியைவிட மங்கலாகத் தெரியும் எதையும் கண்டுகொள்ளாதே என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு, வேண்டுமென்றே குறிக்குப் பக்கத்தில் நடமாடும்படி மாமியாரிடம் கத்திச் சொன்னேன்.

நடந்தார். கையை ஆட்டினார். கடைசியில் தேர்ப் பவனி மாதிரி நிதானமாகப் போய் வந்தார். பத்து நிமிடமும் கருவி அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னைய ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குதே" என்றார்.

ராக்கெட்டில் இடம் உறுதியாகிவிட்டது என்று போன் வந்ததும் முதலில் அவரிடம்தான் ஓடினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"பின்ன? நாம சும்மாவா அன்னைக்கு வள்ளத்துல அம்புட்டு நட நடந்தோம்?"