நிலவறையில் ஒரு கோடை

சலவைத்தூளின் வாசமும் ஈரத்துணிகளின் ஆவியும் சேர்ந்து மூக்கை அரிக்கும் ஒரு நிலவறையில்தான், ஏழு வயதுக் கோடை விடுமுறை முழுவதும் நான் எண்ணப் பழகினேன். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் 'கெல்லர்' அது. கட்டடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அங்கே கூட்டிவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தவர்கள், மூன்றாம் மாடிக் குமரன் அண்ணையும் அவருடைய பள்ளித் தோழர், எரித்திரியா நாட்டவரான யோனாஸும்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. பள்ளியில் ஆசிரியை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், இருபத்தொன்று என்றால் பன்னிரண்டு என்று எழுதுவேன். விடுமுறை முடிந்ததும் சோதித்துப் பார்த்து, தேறாவிட்டால் மறுபடியும் முதலாம் வகுப்புத்தான் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மா அதை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். பிழை எங்கே என்று கண்டுபிடித்தவர் யோனாஸ். குமரன் அண்ணை ஓடிவந்து அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, பிள்ளைக்குக் கணக்கு ஏலும். டொச்சிலை 'ஒண்டும் இருபதும்' எண்டெல்லே சொல்லுறது? அவ காதிலை விழுந்தபடி ஒண்டை முதல் எழுதுறா."

அதன்பின் யோனாஸ் என்னை உட்காரச் சொல்லவேயில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய போஞ்சி விதைப் பொட்டலங்களைத் தந்து, படிகளில் ஏறியும் இறங்கியும் எண்ணவைத்தார்.

பள்ளி திறக்க ஒரு கிழமை இருக்கையில் பொலிஸ்காரர் இருவர் இறங்கி வந்தார்கள். கறுத்த இளைஞர்கள் சின்னப் பிள்ளைகளை நிலவறைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று யாரோ அறிவித்திருந்தார்கள். குமரன் அண்ணை அங்கேயே குடியிருப்பவர் என்பதால் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். யோனாஸைச் சுவரோரம் நிறுத்திப் பையைக் கவிழ்த்தார்கள். பொட்டலங்கள் அவிழ்ந்து விதைகள் தரையெங்கும் ஓடின. ஒருவர் குனிந்து, "இவரை உனக்குத் தெரியுமா?" என்று டொச்சில் என்னிடம் கேட்டார். விதைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் யோனாஸ் விதைகளைப் பொறுக்கி என்னிடம் தந்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. சோதனையில் எல்லா எண்களையும் சரியாக எழுதி நான் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

அந்த அடுக்குமாடியை இடித்துவிட்டார்கள். யோனாஸ் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் குமரன் அண்ணையைக் கண்டு, அன்று பேசாமல் நின்றது இன்னும் உறுத்துகிறது என்றேன்.

"உமக்கு அப்ப ஏழு வயசு, பிள்ளை," என்றார். சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்தார். "எனக்குப் பதினெட்டு. நானும் ஒண்டும் சொல்லேல்லை."