குரலுக்கு அடித்த ஆணி

என் குரல் முதல்முறை சரியாக வந்தபோது, யார் பாடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் நானும் மிஸ்ஸும் மட்டும்தான் இருந்தோம். மிஸ் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "அது நீர்தான். பயப்படாதேயும்," என்றார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்த நான் அட்டனில் ஒரு கல்லூரியின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், இந்தியாவில் சங்கீதம் பயின்று வந்தவர், சிரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். காலைப் பிரார்த்தனையில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, வகுப்புகள் முடிந்த பிறகு மாடிக் கோடி அறையில் எனக்குத் தனியாகப் பாடம் நடத்தத் தொடங்கினார். பாடம் என்றதும் கீர்த்தனை சொல்லித் தருவார் என்று நினைத்தேன். மாதக்கணக்காக வெறும் 'ஆ'தான். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து 'ஆ' என்று கத்தவா மலையிறங்கி வந்தேன்?

"நீர் தொண்டையால பாடுறீர். தொண்டை ஒரு வாசல்தான். வாசல்ல நிண்டு சண்டை பிடிக்கக் கூடாது. மூச்சை அடிவயித்தில வைச்சுக்கொண்டு வழியை விடும்," என்பார் மிஸ்.

வழியை விட்டபோதுதான் அந்தக் குரல் வந்தது. அது என் வாயிலிருந்து புறப்பட்டதாகவே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மூடுபனிக்குள் யாரோ நின்று பாடுவது போல இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு. தேறினால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகலாம். தவறினால் தோட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டு அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்க வேண்டியதுதான். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மூன்றாவது வழி கிடையாது.

தேர்வுக்கு முந்திய விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது மிஸ் ஒரு வேலை கொடுத்தார். சுவர் இருக்கும் இடத்தில் பாடினால் குரல் திரும்பி வந்து காதில் விழும், அதைக் கேட்கும் ஆசையில் தொண்டையை அழுத்துவோம், ஆகவே சுவரே இல்லாத இடத்தில் தினமும் சாதகம் செய்ய வேண்டும் என்றார். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலோ ஒரு பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், மறுபக்கத்தில் இன்னொரு குடும்பம். இருமினால்கூட இரண்டு வீட்டில் விசாரிப்பார்கள்.

அதனால் சாயங்காலம் கொழுந்து நிறுக்கப் பெண்கள் போனதும் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிவிடுவேன். தேயிலைக்கு நிழலாக நட்ட வாகை மரங்களில் ஒன்று அங்கே தனியாக நின்றது. அதனடியில் நின்று 'ஆ' என்று தொடங்கினால் பனி வந்து குரலை வாங்கிக்கொள்ளும். எதிரொலி கிடையாது. பாடி நிறுத்திய பிறகு காதுக்குள் விழும் அந்த அமைதியைக் கேட்க எனக்கே பயமாக இருக்கும். பிடிவாதத்தில் மறுபடியும் தொடங்குவேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஏழாம் நம்பர் மலையில் ஏதோ ஒன்று பாடுகிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. பெண்கள் அந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக மாட்டோம் என்று காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன்.

"அது நான்தாம்மா. சாதகம் பண்றேன்."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போடீ. பெத்தவளுக்குப் புள்ள கொரலு தெரியாதா? நானே காதால கேட்டேன். அது உன் கொரலு இல்ல."

சுருக்கென்றது. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பாடியே காட்டினேன். அடுப்புப் புகை, அத்தனை கண்கள், நாலு பக்கமும் சுவர். பழையபடி தொண்டையால்தான் பாட வந்தது. முடித்ததும் ஒரு அக்கா என் தலையைத் தடவினாள். "நல்லாத்தான் பாடுது புள்ள. ஆனா அது இது இல்லம்மா. அது மனுசக் கொரலு இல்ல," என்றாள். அதற்கடுத்து மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை நான் வீட்டைவிட்டு இறங்கவேயில்லை. அன்றும் அது பாடியதாகச் சொன்னார்கள். கதைக்குக் கால் முளைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மலைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் துரையிடம் ஏச்சு வாங்கிய கங்காணி, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்துவந்தார். பேயோட்டுவதில் பேர்போன ஆள். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் வாகை மரத்தடியில் உடுக்கடித்துச் சேவலறுத்தார். ஊரே கூடி நின்றது, நானும் நின்றேன். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தவர் திடீரென்று உடுக்கை நிறுத்தினார்.

"ஆள் ஆருன்னு தெரியல. பேர் சொல்ல மாட்டேங்குது. கொரல மட்டும் கட்டிப்புடுறேன்," என்றார்.

பிறகு விரல் நீள ஆணி ஒன்றை மரத்தில் அடித்தார். முதல் அடியில் நான் எச்சில் விழுங்கினேன். அடுத்த அடியில் விழுங்க முடியவில்லை. இதையெல்லாம் நம்பாத படித்த பெண் நான். ஆனாலும் என் கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. "இத ஆரும் புடுங்கக் கூடாது. புடுங்குன ஆளப் புடிச்சுக்கும்," என்று எச்சரித்துவிட்டுக் கோடாங்கி சாமான்களை மூட்டை கட்டினார்.

கல்லூரிக்குத் திரும்பி முதல் பாடம். கீழே ஒழுங்காகப் பேசிய குரல் மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் இடத்தில் காற்றாகப் போனது. மறுபடி முயன்றேன். காற்றுதான். மிஸ் விளக்கைக் கொண்டுவந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார், பேசாமல் இருக்கச் சொன்னார். நாட்கள் போயின. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே ஆணிக் கதையைச் சொன்னேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "நீர் அதை நம்புறீரா?"

"இல்ல மிஸ்."

"பிறகேன் குரல் வருகுதில்லை?"

மிஸ் சுருதிப் பெட்டியை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். நான் வாயே திறக்காமல் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா துருவித் துருவிக் கேட்டாள். "பாட்டு வரமாட்டேங்குதும்மா. அந்த ஆணி அடிச்சதுலேர்ந்து," என்றேன். இந்த முறை அவள் 'போடீ' என்று தள்ளவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"பாவிப் பய. பேயோட கொரலக் கட்டுறேன்னு பக்கத்துல நின்ன எம்புள்ள கொரலயும் சேத்துல்ல கட்டிப்புட்டான்!"

மறுநாள் விடிந்ததும் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கு என் குரல் வேண்டும்.

பேய் என்றால் கொல்லைப்பக்கம்கூடத் தனியாகப் போகாதவள் அம்மா. அவள் அந்த மரத்தின் முன் நின்றாள். மரத்தைப் பார்த்து, ஆளிடம் பேசுவது போலப் பேசினாள். "நீ ஆரா இருந்தாலும் சரி. இவ சின்னவ, இன்னும் ஒன்னையும் பாக்காதவ. இவள வுட்டுரு. வேணும்னா என்னையப் புடிச்சுக்க." கத்தி முனையால் நெம்பி நெம்பி ஆணியைப் பிடுங்கினாள். பனியில் எதுவும் அசையவில்லை. ஆணியை ஓடையில் வீசிவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் இறங்கிப் போனாள். அன்று அவள்மேல் வந்த பாசத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது.

தேர்வு திங்கட்கிழமை காலையில், கல்லூரி மண்டபத்தில் நடந்தது. தேர்வாளர்கள் அந்த இடத்திலேயே ஒரு ராகத்தைச் சொல்லி ஆலாபனை செய்யச் சொன்னார்கள். வீட்டில் ஒருநாளும் நான் பாடாத ராகம். மூச்சை இறக்கினேன், வழியை விட்டேன். வந்தது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டதும் மறுபடியும் அது என்னிடமிருந்து விலகி வெளியே எங்கோ போய் நின்று பாடியது. இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் மிஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலையே தேறிவிட்டாய் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே பேசினாள்.

"நேத்து ஏழாம் நம்பர்லதான் எங்களுக்கு வேல. காலத் தேத்தண்ணிக்கு முன்னாடி அது மறுபடி பாடுச்சு. எல்லாவளும் கூடையப் போட்டுட்டு ஓடிட்டாளுங்க."

"நீங்க?"

"நான் நின்னு கேட்டேன்."

பிறகு, பாட்டே வராத என் அம்மா, மெல்லிய குரலில் அதை முனகிக் காட்டினாள். சுருதி விலகியிருந்தது. ஆனால் அதே ராகம், நான் மண்டபத்தில் மேலே ஏறிப்போன அதே வழி. அவள் சொன்ன அதே நேரத்தில் நான் அட்டனில் பாடிக்கொண்டிருந்தேன். நடுவில் எத்தனை மலைகள்.

"பயமா இல்லையாம்மா?"

"எம்புள்ள கொரலுக்கு நான் ஏன்டீ பயப்படணும்?"

சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பரீட்சை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்காமல், எனக்குச் சோறு போட எழுந்து உள்ளே போனாள்.