வைக்கோல்மேல் ஒரு வெறுந்தட்டு

1987 டிசம்பர் 24, பிற்பகல் இரண்டு மணிக்கு நான் நோர்பரியைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் மூன்று மாதம் இருந்த அறையைக் காலையில்தான் காலி செய்திருந்தேன். கையில் ஒரு பை. அதற்குள் இரண்டு காற்சட்டை, ஒரு கம்பளிப் போர்வை, வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு துண்டு கேக். 109ஆம் இலக்க பஸ்கள் ஆட்களை அடைத்துக்கொண்டு நிற்காமலே போயின. மறுநாள் லண்டனில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. இருட்டுவதற்குள் படுக்க ஓரிடம் கிடைக்காவிட்டால் எனக்குத் தெருதான்.

கேக் தந்தது வீட்டுக்காரி. ஆங்கிலேயப் பெண், தனியாள். காலையில் கதவைத் தட்டி, "கிறிஸ்மஸுக்கு நீங்கள் உங்கட ஆக்களோட இருக்கத்தான் விரும்புவியள், என்ன?" என்றாள். எனக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. மகள் வருகிறாளாம், அறை வேண்டுமாம். (அவளும் இனி வரப்போகிறவர்களும் பேசியது ஆங்கிலம். அது என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

உண்மைக் காரணம் கருவாடு என்பது என் எண்ணம். இரண்டு கிழமைக்கு முன் அவளுடைய குசினியில் கருவாடு பொரித்தேன். அவள் குறை சொல்லவில்லை. "மணம் சுவாரசியமாயிருக்கு" என்று சிரித்தாள். பிறகு வீட்டின் அத்தனை யன்னல்களையும் திறந்துவிட்டு, மேற்கோட்டைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இன்றுதான் என் கைக்கு வந்தது.

அவள் சாப்பாட்டை மூன்று மாதம் பார்த்தவன் நான். முட்டைக்கோவாவை அதன் நிறம் போகுமட்டும் அவிப்பாள். தட்டை மடியில் வைத்து, கண்ணைத் திரையில் வைத்துச் சாப்பிடுவாள். எதைக் கேட்டாலும் "அருமை" என்பாள். பாதி அப்படியே குப்பைக்குப் போகும். கிறிஸ்மஸ் கேக்கை மட்டும் ஒக்டோபரிலேயே சுட்டு, தகர டப்பாவுக்குள் வைத்து, கிழமைக்கொரு தரம் திறந்து பிராந்தி ஊற்றினாள். சமையலுக்குப் பத்து நிமிடம் செலவழிக்க மனமில்லாதவள் ஒரு கேக்குக்கு இரண்டு மாதம் காவலிருந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே அதைத் தின்னவில்லை.

ஸ்ட்ரெதமைக் கடந்து, டூட்டிங் பெக் பொதுவெளியைக் குறுக்கே வெட்டி, மூன்றரைக்கு பால்ஹாம் ஸ்டேஷனுக்கு வந்தேன். நடை எப்படியும் நாலு மைல் இருக்கும். அங்கிருந்து நோர்தேர்ன் லைனில் ஏறினால் நேரே ஆர்ச்வே. அங்கே முருகன் கோயிலுக்குக் கிட்ட தவம் என்ற என் ஊர்ச் சிநேகிதன் இருந்தான். போன் பெட்டிக்குள் பத்துப் பென்ஸ் போட்டேன்.

"மச்சான், ஏலாதடா," என்றான். "ஒரு அறையில அஞ்சு பேர் கிடக்கிறம். வீட்டுக்காரன் வாசலிலயே நிக்கிறான். எண்ணி எண்ணி உள்ள விடுறான்."

"ஒரு மூலை காணுமடா."

"மூலையிலதான் நான் படுக்கிறன். கோயிலுக்கு வா, சாப்பாடு கிடைக்கும். படுக்கை மட்டும் கேளாத."

போனை வைத்துவிட்டுப் பையின்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார். கையில் கறுத்த ரொட்டி ஒன்றைக் குழந்தையைப்போல அணைத்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும்.

"எங்கை போறீர்?"

"ஆர்ச்வேக்கு."

"அங்கை ஆர்?"

குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். "எழும்பும். எங்கட வீட்டை ஒரு தட்டு இருக்கு."

ஓசிச் சாப்பாட்டை நான் லேசில் தொடமாட்டேன். லண்டனுக்கு வருகிற வழியில் கிழக்கு பெர்லினில் ஒருவன் எனக்கு சூப் வாங்கித் தந்தான். சூடாக இருந்தது, இறைச்சியும் இருந்தது. நான் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தபோது என் பாஸ்போர்ட்டோடு போனவன் இன்னும் வரவில்லை. ஆகவே கிழவரிடம், "என்ன வேலை செய்யவேணும்?" என்று கேட்டேன்.

"சாப்பிடுற வேலை," என்றார். "இங்கிலீஷ்காரரோட இருந்து அதை மறந்துபோனீரோ?"

பையைக் கையிலிருந்து விடாமல் பின்னால் போனேன். வேறு வழி இல்லை.

அவர் பெயர் ஸ்தெபான். போலந்துக்காரர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இங்கேயே தங்கியவர். இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைக்கு மேலே, தங்கை ஹலினாவோடு இருந்தார். வாசலிலேயே எண்ணெய், வெங்காயம், புளித்த கோவா எல்லாம் மணத்தன. யன்னல்கள் எல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தன. அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

உள்ளே போய் மேசையைப் பார்த்ததும் அந்த நிம்மதியும் போய்விட்டது. வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணிக்குக் கீழே ஏதோ மேடு தட்டியது. ஓரத்தில் காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை மெழுகுதிரி. ஒரு கிண்ணத்தில் அவித்த கோதுமையும் தேனும் கலந்த ஏதோ ஒன்று, மேலே எள்ளுப்போலக் கறுத்த மணிகள். இருப்பது இரண்டு பேர். வைத்திருப்பது மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்கு முன்னால் நாற்காலி வெறுமையாக நின்றது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வெள்ளைத் துணி, புல், எள், சொந்தக்காரனில்லாத தட்டு இவையெல்லாம் ஒரே மேசையில் வந்தால் அது என்னவென்று யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். திவசம். செத்தவருக்குப் படைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டில் இருத்திச் சாப்பாடு கொடுக்கத் தெருவில் ஆள் பிடித்திருக்கிறார்கள். இறைச்சியும் இல்லை என்று ஹலினா சொன்னபோது எனக்கிருந்த மிச்சச் சந்தேகமும் தீர்ந்தது.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

ஸ்தெபான் யோசித்தார். "கனபேர். உமக்கு ஆர் வேணும்?"

"அந்தத் தட்டு ஆற்றையெண்டு கேக்கிறன்."

"வாறவன்ரை," என்றாள் ஹலினா. "இண்டைக்கு ராத்திரி வழியில நிக்கிறவன் ஆரும் வந்தால் இருக்கிறதுக்கு. புல் எங்கட கடவுள் மாட்டுத்தொழுவத்தில பிறந்ததுக்காக. ஏன் பேயைக் கண்டமாதிரி நிக்கிறீர்?"

வழியில் நிற்கிறவன் நான்தான். ஆனால் அதை நம்புவதா? வாசலுக்குக் கிட்டவே நின்றேன்.

முதல் நட்சத்திரத்தைக் கண்ட பிறகுதான் சாப்பாடாம். வானம் முழுக்க முகில். ஸ்தெபான் யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றவர் திடீரென்று, "அந்தா!" என்றார்.

"அது பிளேன்," என்றாள் தங்கை. "போன வருசமும் பிளேனைக் காட்டித்தான் சாப்பிட்டனீங்கள்."

"கடவுளுக்கு லண்டன் வானம் தெரியும். சூப்பைக் கொண்டா."

தேவாலயத்தில் வாங்கியதென்று, அப்பளம்போன்ற மெல்லிய வெள்ளைத் தகட்டை நீட்டி, அதில் ஒரு துண்டு முறிக்கச் சொன்னார்கள். ஒருவர் மற்றவரின் தகட்டில் முறித்து வாழ்த்தவேண்டும். ஹலினா எனக்குச் சுகத்தை வாழ்த்தினாள். ஸ்தெபான் நல்ல சப்பாத்தை வாழ்த்தினார். மதம் மாற்றுகிற வேலையோ என்று என் துண்டை வாயில் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டேன். ஹலினா கண்டும் தன் துண்டைத் தின்றாள்.

நிற்க முடியாமல் கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பையின் வாருக்குள்ளேயே என் ஒரு கால். ஹலினா உடனே எழும்பி அலமாரிக்குப் போனாள். இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்து, எனக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஒரு குவளை. ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

"இது ஆருக்கு?"

"சொன்னனான்தானே, வாறவனுக்கு. உம்மட இடத்தில நீர் இருக்கிறீர். இனி வாறவன் எங்கை இருக்கிறது?"

செத்தவருக்கு வைத்த தட்டென்றால் இன்னொன்று தேவைப்படாது. அது எனக்கு விளங்கியது. கரண்டியை எடுத்தேன்.

பன்னிரண்டு வகை. எல்லாவற்றிலும் ஒரு வாயாவது தொடவேண்டும் என்பது சட்டம். புளித்த பீட்ரூட் சூப், எண்ணெயில் ஊறிய ஹெரிங் மீன், கோவாவும் காளானும் வைத்து அவித்த கொழுக்கட்டை, பொரித்த கார்ப் மீன். காளானை போலந்திலிருந்து அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரி காயவைத்து, நூலில் கோத்து அனுப்பினாளாம். எனக்கு ஹெரிங்தான் பிடித்தது. கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

"இங்கிலீஷ்காரன் கார்ப் பிடிக்கிறவன், தெரியுமோ?" என்றார் ஸ்தெபான். "நாள் முழுக்கக் குளக்கரையில மழைக்குள்ள இருப்பான். பிடிச்சு, நிறுத்து, படமெடுத்து, திரும்பக் குளத்தில விடுவான். பிறகு வீட்டை போய் தகரப் பேணியைத் திறந்து அவரைக்கொட்டை தின்னுவான். இப்பிடியான சனத்தை நம்பலாமோ?"

"அவங்கட பாணைத் திண்டுதான் நாற்பது வருசம் இருந்தனீங்கள்," என்றாள் ஹலினா.

"பாணோ? அமத்தினால் திரும்ப எழும்புது. அது பஞ்சு. சூப் புளிப்புக் காணாது."

"அப்ப கோப்பையைக் கீழ வையுங்கோ."

வைக்கவில்லை, மூன்றாம் முறை வாங்கினார். அங்கேதான் கவனித்தேன். என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் புகழ்ந்து, தட்டில் பாதியை விடுவாள். இவர்கள் ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லி, தட்டை வழிக்கிறார்கள். நான் கேக்கை எடுத்து வைத்தேன். ஸ்தெபான் அதைத் தட்டிப் பார்த்தார், மணந்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் தந்தது?"

"என்னைக் கலைச்சவ. இரண்டு மாதமாப் பிராந்தி ஊத்தி வைச்சிருந்தவ."

"வழிச் சாப்பாடு தந்துதான் கலைச்சிருக்கிறா," என்றாள் ஹலினா. "இரண்டு மாதம் பாத்துச் செய்த கேக். அதில ஒரு துண்டு வெட்டித் தந்திருக்கிறா. சும்மா ஆளில்லை."

நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று பேரும் தின்றோம். நல்ல கேக்.

சாப்பிட்டு முடிந்ததும் தட்டுகளைக் கழுவ எழும்பினேன். ஹலினா கையைத் தட்டிவிட்டாள். எனக்குத் திரும்பவும் உறுத்தியது. வேலை வாங்காத வீடு பிறகு எதை வாங்கும்? இரவு இங்கேயே படும் என்று ஸ்தெபான் காட்டிய, குசினிப் பக்கம் இருந்த சாய்வு நாற்காலியில் போர்வையோடு படுத்தேன். பையைத் தலைக்குக் கீழே வைத்தேன்.

டிசம்பர் 25. கண் விழித்தபோது ஹலினா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் இருட்டு. ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் சமையற்காரி என்பதை அப்போதுதான் அறிந்தேன். பஸ் இல்லை, நடந்து போகிறாள். அந்த இல்லத்துக் குசினியில் உதவிக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"நிண்டவன் புதன்கிழமை விட்டிட்டுப் போட்டான்."

நான் எழும்பி உட்கார்ந்தேன். "அப்ப இதுக்குத்தான் நேற்றுச் சாப்பாடு."

ஹலினா பொத்தான் போடுவதை நிறுத்தினாள். "நேற்று நீர் வந்திராட்டிலும் தட்டு கிடந்திருக்கும். இண்டைக்கு நீர் வராட்டில் எல்லாத்தையும் நான் கழுவுவன். விரும்பினால் வாரும், இல்லாட்டிப் படும். எனக்கு நேரம் போகுது."

சப்பாத்தைத் தேடி முன்னறைக்குப் போனேன். மேசையில் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். அந்த இரண்டாவது வெறுந்தட்டு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. துடைத்த மினுக்கம் மாறாமல், கரண்டி கோணாமல். விடியுமட்டும் யாருக்கோ அப்படியே விட்டிருக்கிறார்கள். சட்டைப் பையில் நொறுங்கிக் கிடந்த தகட்டைத் தடவி எடுத்து வாயில் போட்டேன். ஒரு ருசியும் இல்லை.

நேற்று வந்த வழியிலேயே திரும்பவும் பொதுவெளியைக் கடந்து நடந்தோம். இல்லத்தின் பொறுப்பாளரான அம்மையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். புத்தாண்டு வரை வேலை, மேல்மாடியில் ஒரு கட்டில், மத்தியானச் சாப்பாடு என்றார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

குசினியில் பிரெண்டா என்று ஓர் ஆங்கிலேயப் பெண் நின்றாள். ஹலினாவைக் கண்டதும், "உன்ர ஊரில போடுற அந்தப் பச்சை இலையை ஒண்டிலயும் போடாத, கிழடுகள் பயப்பிடுதுகள்," என்றாள். பிறகு ஒரு சாக்குச் சின்னக் கோவாவை எனக்கு முன்னால் கவிழ்த்தாள். எலுமிச்சம்பழ அளவு, பச்சை. மேல்தோலை உரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் கத்தியால் சிலுவைபோல ஒரு கீறல் போடவேண்டும்.

"ஏன் சிலுவை?"

"அம்மா போடுறவ," என்றாள்.

"ஏன் போட்டவ?"

"எனக்கென்ன தெரியும், ராசா? கீறு."

ஒரு குவளைத் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலே அடுப்புக்குத் திரும்பினாள். பால்ஹாமில் ஒவ்வொரு தட்டுக்கும் காரணம் சொன்னார்கள். நான் ஒவ்வொரு காரணத்தையும் சந்தேகித்தேன். இங்கே சந்தேகிக்க ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. தேநீரைக் குடித்தேன். பிறகு முதல் கோவாவைக் கவிழ்த்துப் பிடித்து, சிலுவை கீறினேன்.